இரண்டு ஈ, ஒரே முகம்: எந்த வழியில் பிரித்தறிவது?

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முதலாமவர் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் பக்கம் சமூகத் தோட்டம் ஒன்றில் கொய்யாவும் தமரத்தங்காயும் வளர்க்கும் அண்ணன். பொறி வைத்திருக்கிறார், கொத்துக் கொத்தாக ஈ விழுகிறது. "தம்பி, இதெல்லாம் ஒரே ஈயா, வேற வேறயா?" என்றார். அடுத்தது ஒரு தொடக்கக் கல்லூரி மாணவி. சமையலறையில் கனிந்த வாழைப்பழத்துக்கு வந்த சிவப்புக் கண் ஈக்களைப் பிடித்து வைத்திருக்கிறாள். "அங்கிள், இது மெலனோகாஸ்டர்தானே? படத்துல இருக்கிற மாதிரியே இருக்கு." மூன்றாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு, சதுப்புநிலப் பூச்சிக் கணக்கெடுப்பு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கும் இளைஞர். சீசா சீசாவாக ஈக்கள். நுண்ணோக்கியா, டிஎன்ஏவா என்று வேலையைத் தொடங்கும் முன் முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஈ நிபுணர் அல்ல. பல ஆண்டு ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்தவன், வார இறுதியில் நுண்ணோக்கி முன் உட்காரும் பழக்கம் இன்னும் விடவில்லை. அந்த அனுபவத்தில் எனக்குத் தெரிந்த வரையில், 'எந்த முறை சிறந்தது' என்று கேட்கத் தொடங்கினால் பணமும் நேரமும்தான் வீணாகும். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு ஜோடி ஈக்களிடம் ஏமாறுகிறது. உங்கள் ஜோடி எது என்பதுதான் விஷயம்.

## முறைக்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில், ஆணா பெண்ணா. பட்ஜெட்டைவிட இது பெரிய விஷயம். சில ஜோடிகளில் ஆணை மட்டுமே பிரிக்க முடியும், சிலவற்றில் அளக்க வேண்டிய உறுப்பு பெண்ணிடம்தான் இருக்கும். நீங்கள் பிடித்த முறையே ஒரு பாலை மட்டும் கொண்டுவந்து கொட்டியிருக்கலாம்.

இரண்டாவது, உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா, செத்திருந்தால் எதில் ஊறுகிறது. மூன்றாவது, எண்ணிக்கை: பத்து ஈக்கு ஏற்ற வழி பத்தாயிரம் ஈக்கு ஏற்றதல்ல. நான்காவது, வேலை முடிந்தபின் உடல் மிஞ்ச வேண்டுமா. கடைசியாக, உங்களுக்கு வேண்டியது பெயரா, அல்லது 'இவை எத்தனை வகை' என்ற எண்ணிக்கை மட்டுமா. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் செலவைத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு இரண்டு ஜோடிகளை எடுத்துக்கொள்கிறேன். தமிழில் இரண்டையுமே 'பழ ஈ' என்கிறோம், அதுவே ஒரு குழப்பம்.

ஒன்று, டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர், டிரோசோஃபிலா சிமுலன்ஸ். கனிந்த பழத்தைச் சுற்றும் மிகச் சிறிய ஈக்கள். 1919-இல் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட் சிமுலன்ஸைத் தனி இனம் என்று சொல்லும்வரை இரண்டும் ஒன்றென்றே எல்லோரும் நினைத்தார்கள்.

மற்றொன்று, பாக்ட்ரோசெரா டார்சாலிஸ், பாக்ட்ரோசெரா காரம்போலே. இவை குளவி சாயலில், வீட்டு ஈ அளவில் இருப்பவை. மரத்தில் இருக்கும் பழத்தைத் துளைத்து முட்டையிடும். தோட்டக்கார அண்ணனின் தலைவலி இவைதான். காரம்போலே என்ற பெயரே தமரத்தங்காயிலிருந்து வந்தது. நம் வட்டாரத்தில் இரண்டும் கலந்து வாழ்கின்றன.

## வெளித்தோற்றம்: கைவில்லை, நுண்ணோக்கி, திறவுகோல்

சில ஈக்களுக்கு இதுவே போதும். கொசுவும் இருசிறகி வரிசையைச் சேர்ந்ததுதான், அதாவது ஈயின் உறவு. ஏடிஸ் எஜிப்தியையும் ஏடிஸ் அல்போபிக்டஸையும் பாருங்கள்: முதுகில் யாழ் வடிவில் வெள்ளைக் கோடு இருந்தால் எஜிப்தி, நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடினால் அல்போபிக்டஸ். டெங்கி பயத்தில் வாழும் ஊரில் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கைவில்லையும் பொறுமையும் போதும்.

பாக்ட்ரோசெரா ஜோடிக்கு வந்தால் கதை வேறு. புத்தகப்படி, காரம்போலேயின் இறக்கை முன்விளிம்பில் ஓடும் கரும்பட்டை நுனியில் சற்று அகன்று தூண்டில் முள் போல வளையும். வயிற்றின் நான்காவது தகட்டில் ஓரக் கறை செவ்வகமாக இருக்கும், டார்சாலிஸில் அது மெலிந்து முக்கோணமாக இருக்கும். படத்தில் பார்த்தால் தெளிவு. ஐம்பது ஈக்களை வரிசையாக வைத்தால், இந்தக் கோடியில் இருக்கும் பத்தும் அந்தக் கோடியில் இருக்கும் பத்தும் தெளிவாகத் தெரியும், நடுவில் உள்ள முப்பதும் உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

பெண் ஈ இருந்தால் முட்டையிடும் ஊசியை அளக்கலாம். காரம்போலேயில் அது ஏறக்குறைய 1.4 முதல் 1.6 மில்லிமீட்டர். நம் பகுதியில் முன்பு பாப்பாயே என்று தனி இனமாக அழைக்கப்பட்ட டார்சாலிஸில் 1.77 முதல் 2.12 வரை. இடைவெளி இருக்கிறது, நம்பலாம் போலத்தான் தோன்றும். ஆனால் அண்ணன் வைத்திருப்பது மீத்தைல் யூஜினால் பொறி. அந்த வாசனைக்கு ஆண்கள் மட்டுமே வரும். அளக்க வேண்டிய ஊசி ஒன்றுகூடப் பொறியில் இல்லை! பெண் வேண்டுமானால் துளைபட்ட பழத்தை எடுத்து, மணல் போட்ட டப்பாவில் வைத்து, புழு கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவரும்வரை காத்திருக்க வேண்டும்.

(மீத்தைல் யூஜினால் துளசியிலும் இருக்கிறது. துளசிச் செடியில் இந்த ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்து, கோவிலுக்குப் பறிக்கப்போன என் மாமி கையை உதறியது நினைவுக்கு வருகிறது.)

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். பழைய நுண்ணோக்கி ஒன்று மலிவாகக் கிடைத்துவிடும், கண் பழக எடுக்கும் காலம் எந்த விலைப்பட்டியலிலும் இருக்காது. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறிப்போய் இருக்கும், நிறம் ஏறச் சில நாள் ஆகும். நானே ஒருமுறை அவசரப்பட்டு, வெளிவந்த மறுநாள் காலையே ஒரு டப்பா ஈக்களை உறைபெட்டியில் போட்டுவிட்டேன். எல்லாம் மஞ்சளாகவே நின்றுவிட்டன. இல்லாத இனம் ஒன்றின் பெயரை எழுதி ஒட்டி இரண்டு மாதம் பெருமையாக வைத்திருந்தேன்.

இன்னொன்று: திறவுகோல், அதாவது 'இந்த அடையாளம் இருக்கிறதா, இல்லையா' என்று படிப்படியாகக் கேட்டுப் பெயருக்கு வழிகாட்டும் பட்டியல், எப்போதும் ஏதாவது ஒரு பெயரில் கொண்டுபோய் விடும். 'உன் ஈ இந்தப் பட்டியலிலேயே இல்லை' என்று அது சொல்லாது. வேறு நாட்டுக்கு எழுதப்பட்ட திறவுகோலை இங்கே பயன்படுத்தினால், கடைசி வரியில் கிடைக்கும் பெயர் உறுதியானதுபோல் தோன்றும், தவறாக இருக்கும்.

## பிறப்புறுப்பைப் பார்ப்பது

பூச்சியியலாளர்கள் ஈயின் பின்பக்கத்தையே ஏன் உற்றுப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. நெருங்கிய இனங்களில் மற்ற உறுப்புகள் மாறுவதற்கு முன்பே ஆணின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் மாறிவிடுகிறது. மெலனோகாஸ்டர் ஆணில் அந்த உறுப்பின் பின்மடல் சிறியது, கொக்கி போல இருக்கும். சிமுலன்ஸில் அதே மடல் பெரிதாக, சிப்பி ஓடு போல விரிந்திருக்கும். ஈயைக் குளிரவைத்துப் புரட்டிப் போட்டால் 40 மடங்கு பெரிதாக்கத்திலேயே தெரியும், அறுக்கக்கூடத் தேவையில்லை. ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு மறக்காது.

பெண்ணில் இந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்த இரண்டு இனங்களின் பெண்களை வெறும் கண்ணால் பிரிப்பதாக யாராவது சொன்னால் நான் மரியாதையாகத் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மற்ற ஈக்களில் பெரும்பாலும் வயிற்று நுனியைத் துண்டித்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, சதை கரைந்தபின் கிளிசரினில் வைத்துப் பார்க்க வேண்டும். கூடுதல் நேரம் விட்டால் பார்க்க வேண்டியதும் வெளுத்து மங்கிவிடும். பழகாத கைக்கு ஒரு ஈக்கு அரை மணி நேரம். நுனி ஒரு குப்பியில், உடல் ஒரு ஊசியில், இரண்டுக்கும் ஒரே எண் ஒட்ட வேண்டும். அந்த எண் மாறினால் இரண்டு மாதிரிகளும் போயின. இருபது முப்பது ஆண் ஈக்கள், நல்ல படங்களுடன் ஒரு வழிகாட்டி, நேரம் இவை மூன்றும் இருந்தால் என் முதல் தேர்வு இதுதான். ஆயிரம் ஈ என்றால் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

## டிஎன்ஏ பார்கோடு

சிஓஐ எனப்படும் மைட்டோகாண்டிரிய மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டைப் படித்து இனத்தை அடையாளம் காண்பதுதான் இது. 2003-இல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு இதை விலங்கு இனங்களுக்கான பொது அடையாளமாக முன்வைத்தது. ஆணானாலும் பெண்ணானாலும் சரி, புழுவாக இருந்தாலும் சரி, கால் ஒன்றே மிஞ்சியிருந்தாலும் சரி. மெலனோகாஸ்டரையும் சிமுலன்ஸையும் பெண்ணாக இருந்தாலும் இது பிரித்துவிடும்.

இதில் சிங்கப்பூருக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் மையர் நடத்திய ஆய்வுக்குழு, டிஎன்ஏவைப் படிக்கும் மின்அயான் என்ற கையடக்கக் கருவியில் ஆயிரக்கணக்கான பூச்சிகளை ஒரே ஓட்டத்தில் பார்கோடு செய்யும் வழிகளை உருவாக்கியது. ஒரு பூச்சிக்கு அமெரிக்கக் காசில் பத்து சென்டுக்கும் குறைவு என்று கணக்கும் காட்டினார்கள். நம் சதுப்புநிலக் காடுகளில் மட்டும் 3,000க்கும் மேற்பட்ட பூச்சி இனங்கள் இருப்பது 2021-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காளான் ஈக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்கள் இந்தச் சின்னத் தீவிலேயே கிடைத்தன. அங்கே வேலை தலைகீழாக நடந்தது: முதலில் எல்லாவற்றுக்கும் டிஎன்ஏ, ஒத்த டிஎன்ஏ உள்ளவற்றைச் சேர்த்துக் கிடைத்த தொகுதிகளிலிருந்து சில மாதிரிகளை மட்டும் எடுத்து நுண்ணோக்கி.

சரி, அப்படியென்றால் எல்லோரும் பார்கோடே செய்துவிடலாமே? இங்கேதான் கவனம் தேவை. பத்து சென்ட் கணக்கு பத்தாயிரம் ஈ சேர்ந்தால்தான் பொருந்தும். பன்னிரண்டு ஈயோடு போனால் முதல் ஈயின் விலையே கண்ணைக் கட்டும். சில மாதிரிகள் வேலை செய்யாது, அதற்கும் காசு. ஈயை 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மாதக்கணக்கில் நம் ஊர் வெக்கையில் வைத்திருந்தால் டிஎன்ஏ சிதைந்திருக்கும். 95 விழுக்காட்டில் வைத்தால் டிஎன்ஏ நன்றாக இருக்கும், ஈ விறைத்துத் தொட்டாலே கால் உடையும், அப்புறம் நுண்ணோக்கியில் பார்ப்பது கஷ்டம். இந்தத் தேர்வை ஈயைப் பிடிக்கும் நாளிலேயே செய்தாக வேண்டும்.

முடிவிலும் ஒரு சிக்கல் உண்டு. பார்கோடு பெயர் தருவதில்லை, தொகுதியைத் தருகிறது. பெயர், தரவுத்தளத்தில் முன்பு யாரோ ஒட்டிய சீட்டிலிருந்து வருகிறது. பாக்ட்ரோசெராவில் இது எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். 1994-இல் பாப்பாயே, பிலிப்பைனென்சிஸ், காரம்போலே என்று புதிய இனங்கள் விவரிக்கப்பட்டன. 2003-இல் கென்யாவில் பிடிபட்டு ஆப்பிரிக்காவெங்கும் மாம்பழத்தைத் தாக்கிய ஈக்கு 2005-இல் இன்வேடென்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகு உருவம், மரபணு, கலப்பு, ஈக்கள் வெளியிடும் வாசனை என எல்லாச் சான்றுகளையும் சேர்த்துப் பார்த்ததில், காரம்போலே தவிர மற்ற மூன்றும் டார்சாலிஸ்தான் என்று 2015-இல் முடிவாயிற்று. பழைய பெயர்கள் மரபணுத் தரவுத்தளங்களில் இன்னும் கிடக்கின்றன. உங்கள் ஈக்கு 99 விழுக்காடு பாப்பாயே என்று திரை காட்டினால், இல்லாத இனத்தோடு பொருந்துகிறது என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம்: டார்சாலிஸையும் காரம்போலேயையும் சிஓஐ நம்பகமாகப் பிரிப்பதில்லை. இந்த ஜோடிக்கு டிஎன்ஏவில் ஐடிஎஸ்1 என்ற வேறு பகுதி தேவை. அது பொதுவான பார்கோடு கட்டணத்தில் சேராது, முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும்.

மைட்டோகாண்டிரியம் தாயிடமிருந்து மட்டும் வருவதாலும் ஒரு வினை இருக்கிறது. கொசு ஒழிப்புத் திட்டத்தால் இங்கே எல்லோருக்கும் பழகிப்போன வோல்பாக்கியா பாக்டீரியாவும் அதே தாய்வழியில்தான் போகிறது. பாக்டீரியா ஓர் இனத்தில் பரவும்போது தன்னோடு இருக்கும் மைட்டோகாண்டிரியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். மொரிஷியஸ் தீவின் டிரோசோஃபிலா மொரிஷியானாவும் சிமுலன்ஸும் ஒரு மைட்டோகாண்டிரிய வகையைப் பகிர்ந்துகொள்வது அறியப்பட்ட உதாரணம். சிஓஐயை மட்டும் பார்த்தால் அங்கே இனத்தையே கோட்டை விடுவோம்.

## வளர்த்துப் பார்ப்பது

இதை இப்போது யாரும் யோசிப்பதில்லை, எனக்குப் பிடித்த வழி. ஸ்டர்ட்டவன்ட் சிமுலன்ஸைக் கண்டுபிடித்ததே கலப்பில்தான். மெலனோகாஸ்டர் பெண்ணுக்கும் சிமுலன்ஸ் ஆணுக்கும் பிறப்பவை மகள்கள் மட்டுமே, அவையும் மலடு. திருப்பிச் செய்தால் பெரும்பாலும் மகன்கள், அவையும் மலடு. ஆப்பிரிக்காவின் அனாஃபிலிஸ் காம்பியே கொசு ஓர் இனமல்ல, பல இனங்களின் கூட்டம் என்பதும் 1960களில் இதே வழியில்தான் தெரிந்தது.

நீங்கள் கலப்பெல்லாம் செய்ய வேண்டாம். பெண் டிரோசோஃபிலாவின் அடையாளம் தெரிய வேண்டுமா? அவளைத் தனியாக ஒரு குப்பியில் விடுங்கள். பிடிபடும் பெண்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே ஆணோடு சேர்ந்தவைதான். பத்து நாளில் மகன்கள் வருவார்கள், அவர்களின் மடலைப் பாருங்கள். உணவுக்கு வாழைப்பழம், கொஞ்சம் ஈஸ்ட், கடைகளில் எங்கும் கிடைக்கும் அகர் அகர். செலவு சில வெள்ளி.

மறைவான செலவு மின்கட்டணம். 25 டிகிரி இந்த ஈக்களுக்கு இதம். 30 டிகிரியை நெருங்கினால் மெலனோகாஸ்டர் ஆண்கள் மலடாகின்றன, ஆக குளிர்சாதனம் இல்லாத அறையில் தலைமுறை தலைமுறையாக வளர்ப்பது சிரமம். குப்பியில் எறும்பும் பூஞ்சையும் வருவது சொல்லத் தேவையில்லை. செத்த ஈக்கு இந்த வழியில் ஒன்றும் செய்ய முடியாது.

## படச் செயலியும் நிபுணரும்

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் பேரினம் வரை உதவும். நெருங்கிய இனங்களில் அவை சொல்லும் பெயரை நான் எழுதிக்கொள்வதில்லை. நிபுணரிடம் போவது கட்டணமில்லாத வழி என்று பலர் எண்ணுகிறார்கள். அவருடைய நேரம் உங்கள் செலவில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். எங்கே, எப்போது, எதில் பிடித்தது என்ற சீட்டு இல்லாத ஈயை அனுப்பினால் பதில் வராது, வரவும் கூடாது. ஒழுங்கான மாதிரி என்றால், ஒப்பிட்டுப் பார்க்க லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் போன்ற இடங்களின் சேகரிப்பே கடைசிப் புகல்.

## ஒரே பார்வையில்

| வழி | கையில் இருக்க வேண்டியது | மறைவான செலவு | ஏமாறும் இடம் |
|---|---|---|---|
| வெளித்தோற்றம் | நிறம் ஏறிய முழு ஈ | கண் பழகும் காலம், வேற்றூர்த் திறவுகோல் | டார்சாலிஸ், காரம்போலே |
| பிறப்புறுப்பு | பெரும்பாலும் ஆண் | ஒரு ஈக்கு அரை மணி நேரம், எண் சீட்டு | பெண்கள் |
| சிஓஐ பார்கோடு | 95% ஆல்கஹாலில் வைத்த எதுவும் | சிறு எண்ணிக்கை, தவறிய மாதிரிகள், பழைய பெயர்கள் | டார்சாலிஸ், காரம்போலே. வோல்பாக்கியா உள்ள இனங்கள் |
| வளர்ப்பு | உயிருள்ள பெண் | குளிர்ச்சி, பத்து நாள் | ஆய்வுக்கூடத்தில் வளராத இனங்கள் |

## மூவருக்கும் நான் சொன்னது

சதுப்புநில இளைஞருக்கு: ஆயிரக்கணக்கில் இருந்தால் டிஎன்ஏ முதலில், தயங்க வேண்டாம். ஆனால் உடலைக் கரைக்காமல் டிஎன்ஏ எடுக்கும் வழியைக் கேளுங்கள், கரைசலில் ஊறவைத்து ஈயை முழுதாகத் திருப்பி எடுத்துவிடலாம். பிறகு ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டு மூன்று ஆண்களின் பிறப்புறுப்பைப் பாருங்கள். பட்ஜெட்டில் நுண்ணோக்கி வேலைக்கென்று ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்காவிட்டால் கடைசியில் எண்கள் மட்டும்தான் மிஞ்சும். பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் பூச்சி பிடிக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும், அதற்கான கால அவகாசத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாணவிக்கு: முதல் கேள்வியே வேறு. இந்த வட்டாரத்தில் வாழைப்பழத்துக்கு வருவது மெலனோகாஸ்டராக மட்டும் இருக்காது, டிரோசோஃபிலா அனனாசேயாகவும் இருக்கலாம். அம்போன் தீவிலிருந்து 1858-இல் பெயரிடப்பட்ட ஈ, பெயருக்குள் அன்னாசி இருக்கிறது பாருங்கள். ஆணின் முன்காலைப் பார்: மெலனோகாஸ்டரில் ஒரே ஒரு கருஞ்சீப்பு, வயிற்று நுனி கறுப்பு. அனனாசேயில் சிறு சீப்புகள் வரிசை வரிசையாகக் குறுக்கே இருக்கும், நுனி அவ்வளவு கறுக்காது. இதற்கு டிஎன்ஏ வேண்டாம். பெண்கள் மட்டும் மாட்டினால் தனித்தனிக் குப்பியில் விட்டு மகன்களுக்காகக் காத்திரு. அவள் அம்மாவுக்கு இந்த யோசனை பிடிக்கவில்லை என்று கேள்வி.

தோட்டக்கார அண்ணனுக்கு: பொறியில் விழுந்தவற்றில் இறக்கையில் குறுக்கே பழுப்புப் பட்டைகள் இருப்பவற்றை முதலில் ஒதுக்குங்கள். அது அம்ப்ரோசா, பலாவுக்கும் சேம்படாக்குக்கும் வருவது. மிச்சமிருப்பது டார்சாலிஸா காரம்போலேயா என்று தெரிய ஐடிஎஸ்1 பரிசோதனைக்குக் காசு கட்டலாம். நான் கட்ட மாட்டேன், ஏனென்றால் இரண்டில் எதுவாக இருந்தாலும் நீங்கள் செய்யப்போகும் வேலை ஒன்றுதான்: பிஞ்சிலேயே பழத்துக்குப் பை கட்டுவது, விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிக் கறுப்புப் பையில் இறுக்கி மூடுவது. பாகற்காய் ஈ இந்த வாசனைக்கு வராது, ஆகவே பொறியில் அது இல்லை என்பதால் கொடியில் இல்லை என்று நினைக்காதீர்கள்.

"அப்ப பேரு தெரியாமலே விட்டுர்றதா?" என்றார் அண்ணன். துளைபட்ட தமரத்தங்காய் நான்கைந்தை மணல் டப்பாவில் போட்டுவைக்கச் சொன்னேன். பெண் ஈ வெளிவந்து நிறம் ஏறட்டும், ஊசியை நான் அளந்து தருகிறேன்.